ஓட்டுக்குப் பாஸ் மார்க்

ஓட்டுப் போட வருகிறவனுக்கு முதலில் ஒரு பரீட்சை வைக்க வேண்டும் என்று அமெரிக்காவில் அவ்வப்போது ஒரு குரல் கிளம்பும். நான் அதை முழுமனதாக ஆதரிக்கிறவன். அரசுக்கு எத்தனை கிளைகள் என்று தெரியாதவன், அரசியல் சட்டத்தைக் கண்ணாலும் பாராதவன், தன் தொகுதி உறுப்பினர் யாரென்று கேட்டால் மோட்டுவளையைப் பார்க்கிறவன், இவர்களெல்லாம் ஒரு தேசத்தின் தலையெழுத்தை எழுதலாமா? கூடாது. எனக்கு இருப்பது ஒரே ஒரு சின்னச் சந்தேகம்தான். பரீட்சையை முதல் பெஞ்சிலிருந்து தொடங்குவதா, கடைசி பெஞ்சிலிருந்தா? அதைப் பிறகு பேசுவோம்.

அண்மையில் இந்தக் குரலை உரக்க எழுப்பியவர் நம்ம வீட்டுப் பிள்ளை. பாலக்காட்டு வடக்கஞ்சேரியில் வேர், வீட்டில் தமிழ், வெளியில் ஹார்வர்ட், யேல். விவேக் ராமசாமி. குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராகும் ஆசையில் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த 2023 மே மாதத்தில் ஒரு திட்டத்தை அவிழ்த்தார். வாக்களிக்கும் வயதை 18இலிருந்து 25 ஆக்க வேண்டும். ராணுவத்திலோ தீயணைப்பு போன்ற அவசரப் பணியிலோ ஆறு மாதம் இருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. அதுவும் முடியாத பிள்ளைகள், வெளிநாட்டிலிருந்து வந்து குடியுரிமை கேட்கிறவர்கள் எழுதும் அதே குடிமைத் தேர்வில் பாஸ் செய்தால் 18இலேயே ஓட்டுப் போடலாம்.

பரீட்சை என்ற சொல் காதில் விழுந்தாலே நம்மவர்களுக்கு மெய்சிலிர்க்கும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளை கேள்வித்தாளைப் பார்த்தாரா என்பதுதான் தெரியவில்லை. அன்றைய கேள்விப் பட்டியலிலேயே ஒரு கேள்வி இருந்தது: அதிபர் தேர்தலில் வாக்களிக்கக் குடிமக்களுக்கு எத்தனை வயது ஆகியிருக்க வேண்டும்? விடை: 18. ராமசாமியின் திட்டம் சட்டமாகியிருந்தால் சரியான விடை இப்படி இருக்கும்: '25. ஆனால் இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டால் 18.' இதை எந்த வாத்தியார் திருத்துவது?

அந்த 18 ஒன்றும் சும்மா வந்ததில்லை. வியட்நாம் போருக்கு 18 வயதுப் பையன்களைக் கட்டாயமாகப் பிடித்து அனுப்பினார்கள். அங்கேயும் ஒரு பரீட்சை இருந்தது, ராணுவத்தில் சேர்க்க வைக்கும் அறிவுத் தேர்வு. ஆள் போதவில்லை என்றதும் 1966இல் என்ன செய்தார்கள் தெரியுமா? பாஸ் மார்க்கைக் குறைத்தார்கள். 'பிராஜெக்ட் 100,000' என்று அதற்கு ஒரு கம்பீரமான பெயர் வேறு. தேர்வில் கீழே கிடந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஏழைப் பிள்ளைகளை அந்த வழியில் அள்ளிக்கொண்டார்கள். சாகப் போகிறவனுக்குக் கட் ஆஃப் குறையும். ஓட்டுப் போடப் போகிறவனுக்கு ஏறும். இந்த வெட்கக்கேடு தாங்காமல்தான் 1971இல் 26வது திருத்தம் வந்து 18 வயதுக்கு ஓட்டைக் கொடுத்தது.

சரி, தேர்வு என்னதான் கேட்கிறது? பல வருடம் இருந்த முறையில் 100 கேள்விகள். அதிகாரி எதிரில் உட்கார்ந்து பத்து வரை வாய்மொழியாகக் கேட்பார், ஆறுக்குச் சரியாகச் சொன்னால் பாஸ். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு இறுக்கிவிட்டார்கள்: 128 கேள்விகள், இருபது கேட்பார்கள், பன்னிரண்டு சரியாக வேண்டும். கேள்வியும் விடையும் அரசே வெளியிடுகிறது. கோனார் நோட்ஸை அரசாங்கமே அச்சடித்து இலவசமாகக் கையில் கொடுத்துவிட்டு, விண்ணப்பக் கட்டணமாக 760 டாலர் வாங்கிக்கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். மனப்பாடத்தில் நம்மை மிஞ்ச ஆளில்லை, ஆகவே நமக்குக் கஷ்டமில்லை. 65 வயதைத் தாண்டி, இருபது வருடம் பச்சை அட்டையோடு இருந்த பெரியவர்களுக்கு இருபதே கேள்விகள்தான் பாடம். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தமிழிலேயே பதில் சொல்லலாம். இது ஒன்றாவது மனிதர்கள் உட்கார்ந்து எழுதிய விதி.

விடைகளில் சில ரகமானவை. உள்நாட்டுப் போருக்கு இட்டுச்சென்ற ஒரு பிரச்சினையைச் சொல் என்று பழைய பட்டியலில் ஒரு கேள்வி. அடிமைமுறை என்றால் மார்க். பொருளாதாரக் காரணங்கள் என்று பூசி மெழுகினாலும் மார்க். மாநிலங்களின் உரிமை என்று அடிமைச் சொந்தக்காரர்களின் பேரப்பிள்ளைகள் சொல்லும் சாக்கைச் சொன்னாலும் அதே மார்க். மனிதனை விலைக்கு விற்றதை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் நல்ல குடிமகன் ஆகிவிடலாம்.

வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இந்தத் தேர்வில் தேறிவிடுகிறார்கள். இருக்கிறவர்கள்? 2018இல் வுட்ரோ வில்சன் அறக்கட்டளை ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. இதே மாதிரிக் கேள்விகளை அமெரிக்கர்களிடம் கேட்டபோது பாஸானவர்கள் 100க்கு 36 பேர். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் எதற்குப் பேர்போனவர் என்ற கேள்விக்கு, மின்விளக்கைக் கண்டுபிடித்தவர் என்று 37 சதவீதம் பேர் சொன்னார்கள். பனிப்போருக்குக் காரணம் பருவநிலை மாற்றம் என்றவர்கள் 2 சதவீதம். இவர்கள் யாருடைய ஓட்டையும் யாரும் பிடுங்கவில்லை, பிடுங்கவும் கூடாது. எடிசன் செய்ததை ஃபிராங்க்ளின் தலையில் கட்டுகிறவனுக்கும் வீட்டுக் கடன் வட்டி ஏறினால் வலிக்கும். பிள்ளைக்கு இன்சுலின் வாங்கக் காசில்லையென்றால் தெரியும். ஓட்டுப் போட அவ்வளவு அறிவு போதும் என்றுதான் இந்தப் பரீட்சை யோசனை இல்லாத ஊர்களில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நியூ ஜெர்சியின் எடிசன் நகரிலும் கலிஃபோர்னியாவின் ஃபிரீமாண்டிலும் பொங்கல் விழா முடிந்து, பாக்குமட்டைத் தட்டில் சர்க்கரைப் பொங்கலை வழித்துக்கொண்டே நம்மவர்கள் பேசுவது வேறு. "கண்டவனுக்கெல்லாம் ஓட்டு எதுக்கு சார்? ஒரு மினிமம் குவாலிஃபிகேஷன் வேணாமா?" இந்தியாவில் பிரியாணிக்கும் குவார்ட்டருக்கும் ஓட்டுப் போடுகிறவர்களைத் திட்டி அலுத்துப்போய், இப்போது அந்த வாயை அமெரிக்காவுக்கும் நீட்டியிருக்கிறார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் தேர்தலில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100க்கு 20 பேர்கூட இல்லை. சின்னத்தைப் பார்த்து ஓட்டைப் போட்ட பாட்டிகளின் பேரன்கள் இவர்கள். அந்தப் பாட்டிகளுக்கு அன்றைக்கு ஒரு மினிமம் குவாலிஃபிகேஷன் வைத்திருந்தால், இவர்கள் படித்த அரசுக் கல்லூரியைக் கட்டச் சொல்லி யார் யாரை மிரட்டியிருப்பார்கள்?

இந்த ஐயாக்கள் பகத் சிங் திண்ட் என்ற பெயரைக் கேள்விப்பட்டதுண்டா? பஞ்சாபி. அமெரிக்க ராணுவச் சீருடை போட்டவர், படித்தவர். அவருடைய குடியுரிமை வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1923இல் தீர்ப்பு வந்தது: இந்தியர் வெள்ளையர் இல்லை, ஆகவே குடிமகன் ஆக முடியாது. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் சிலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. 1946 வரை இதே கதைதான். அன்றைக்கு 128 கேள்விக்கும் நீங்கள் தலைகீழாக விடை ஒப்பித்திருந்தாலும் தோல் ஃபெயிலாகியிருக்கும்.

தோலுக்குப் பரீட்சை வைத்துவிட்டு அதை அறிவுக்கு வைத்த பரீட்சை என்று சொல்வதில் அமெரிக்காவுக்கு நூறாண்டு அனுபவம் உண்டு. முதல் முதலில் 1855இல் கனெக்டிகட் மாநிலம் வாக்காளருக்கு எழுத்தறிவுத் தேர்வு வைத்தது. குறி, பஞ்சத்தில் கப்பலேறி வந்த ஐரிஷ்காரர்கள். பிறகு தெற்கு மாநிலங்கள் இந்தக் கலையைக் கையிலெடுத்து மெருகேற்றின. எவ்வளவு மெருகு என்பதைப் பார்க்க, 1964இல் லூசியானாவில் கொடுத்த ஒரு தாளைக் கையில் எடுத்துக்கொள்வோம்.

முப்பது கேள்விகள். பத்து நிமிடம். ஒரு கேள்வி தப்பானாலும் ஃபெயில். ஐந்தாம் வகுப்பு முடித்ததற்குச் சான்று காட்ட முடியாதவர்களுக்கு இந்தத் தாள். இந்த வாக்கியத்தின் எண்ணையோ எழுத்தையோ சுற்றி ஒரு கோடு போடு என்பது முதல் கேள்வி. எண்ணையா, எழுத்தையா? கோடு எப்படிச் சுற்றும்? வட்டம் போட்டால் கோடு இல்லை என்பான், கோடு போட்டால் சுற்றவில்லை என்பான். இன்னொன்று: 'வோட்' என்ற சொல்லைத் தலைகீழாக, ஆனால் சரியான வரிசையில் எழுது. இன்னொன்று: 'நாய்ஸ்' என்ற சொல்லைப் பின்னாலிருந்து எழுதி, முன்னாலிருந்து எழுதியிருந்தால் எது இரண்டாவது எழுத்தாக இருந்திருக்குமோ அதன் மேல் புள்ளி வை. இருபது நொடிக்கு ஒன்று வீதம் இப்படி முப்பது. சரியா தப்பா என்று சொல்வது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரப் பதிவாளர், அவர் ஒருவர் மட்டும். மறுகூட்டல், மறுமதிப்பீடு எதுவும் கிடையாது.

மேசைக்கு இந்தப் பக்கம் வெள்ளைக்காரன் உட்கார்ந்தால்? அதே லூசியானாவில் ஒரு வெள்ளைக்கார விண்ணப்பதாரர் மாநில அரசியல் சட்டத்துக்கு விளக்கம் எழுதினார். 'ஃப்ரீடம் ஆஃப் ஸ்பீச்' என்று எழுத நினைத்து அவர் எழுதியது: 'ஃபர்டம் ஃபூஃப் ஸ்பெட்க்'. பாஸ். அலபாமாவில் முதல் வகுப்பைக்கூட முடிக்காத ஒரு வெள்ளைக்காரருக்குப் பதிவாளரே படிவம் முழுவதையும் நிரப்பிக் கொடுத்தார். அவரும் பாஸ். நான் ஜோடிக்கவில்லை, 1966இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பின் அடிக்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறது. மிசிசிப்பியில் ஒரு சோப்புக் கட்டியில் எத்தனை குமிழி என்று கேட்டதாக அங்கே வரிசையில் நின்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். குமிழியை எண்ணத் தெரியாத மூடர்களுக்கு ஓட்டு எதற்கு?

தேர்வு வைத்தால் ஏழை வெள்ளைக்காரனும் மாட்டிக்கொள்வானே என்று 1898இல் லூசியானா கவலைப்பட்டது. அதற்கும் மருந்து கண்டுபிடித்தார்கள். 1867 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பு உன் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ ஓட்டுரிமை இருந்திருந்தால் உனக்குத் தேர்வு வேண்டாம். அந்தத் தேதியில் கறுப்பருக்கு அங்கே ஓட்டே கிடையாது. என்ன ஒரு நுணுக்கம்! 1896இல் லூசியானாவில் 1,30,334 கறுப்பு வாக்காளர்கள் இருந்தார்கள். 1904இல் 1,342. எட்டு வருடத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் அறிவு ஆவியாகிப் போயிருக்க வேண்டும்.

தாத்தாவைக் கேட்கும் வித்தை அங்கேயே நின்றுவிடவில்லை. சுதந்திரம் வாங்கிய சூட்டோடு 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டமும் மலையகத் தமிழனிடம் தகப்பனைக் காட்டு, இல்லாவிட்டால் பாட்டனையும் பூட்டனையும் காட்டு என்றது. லயன் அறையில் பிறந்தவனுக்கு எந்தத் துரை பிறப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தான்? 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டு ஆட்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய தோட்டத் தொழிலாளர்கள், அடுத்த தேர்தலில் கொழுந்து மட்டும் பறித்தார்கள்.

மிசிசிப்பிக்கு வருவோம். ரூல்வில் என்ற சின்ன ஊர். ஃபேனி லூ ஹேமர் என்ற பெண், வயது 44, இருபது பிள்ளைகளில் கடைக்குட்டி, பருத்திக்காட்டுக் குத்தகைக் கூலி. கறுப்பர்களுக்கும் ஓட்டுரிமை உண்டு என்பதே அவருக்கு அந்த வருடம்தான் தெரியவந்தது. 1962 ஆகஸ்ட் 31 அன்று பதினெட்டுப் பேர் ஒரு பழைய பஸ்ஸில் ஏறி, சன்ஃபிளவர் மாவட்டத் தலைநகரான இண்டியனோலாவின் நீதிமன்றத்துக்குப் போனார்கள். படிவத்தில் ஒரு கேள்வி: யாரிடம் வேலை பார்க்கிறாய்? குடிமை அறிவுக்கும் முதலாளியின் பெயருக்கும் என்ன சம்பந்தம் என்பது அன்று ராத்திரி தெரியும். பிறகு பதிவாளர் மாநில அரசியல் சட்டத்திலிருந்து ஒரு பிரிவை எடுத்து நீட்டினார். மொத்தம் 285 பிரிவுகள், எதை வேண்டுமானாலும் அவர் பொறுக்கலாம். ஹேமருக்குக் கிடைத்தது 16வது பிரிவு. செயல் நடந்து முடிந்தபின் அதைக் குற்றமாக்கும் பின்தேதிச் சட்டங்களைப் பற்றியது. அதைப் பார்த்து எழுது என்றார், எழுதினார். விளக்கு என்றார். சட்டக் கல்லூரியில் ஒரு பருவம் நடத்தும் பாடம், ஆறு வயதிலிருந்து பருத்தி பறித்தவரிடம். ஃபெயில்.

திரும்பும்போது போலீஸ் பஸ்ஸை மறித்தது. டிரைவரைப் பிடித்தார்கள். குற்றம்: பஸ் தப்பான நிறத்தில் இருக்கிறது, ரொம்ப மஞ்சள். அபராதம் 100 டாலர். அவ்வளவு இல்லை என்றதும் பேரம் பேசி 30 டாலருக்கு இறங்கியது நீதி. பஸ்ஸில் இருந்தவர்கள் தங்களிடமிருந்த சில்லறையைத் திரட்டிக் கட்டினார்கள். வீட்டுக்கு வந்தால் தோட்ட முதலாளிக்கு அதற்குள் தகவல் போயிருந்தது. விண்ணப்பத்தை வாபஸ் வாங்கு, இல்லாவிட்டால் கிளம்பு என்றார். உங்களுக்காகப் பதியப் போகவில்லை, எனக்காகப் போனேன் என்று ஹேமர் சொன்னார். பதினெட்டு வருடம் உழைத்த இடத்தைவிட்டு அன்றிரவே வெளியேறினார்.

படித்துக்கொண்டு மறுபடி போனார். 1963 ஜனவரியில் பாஸ் செய்தார். அப்பாடா என்று ஓட்டுப் போடப் போனபோது கேட்டார்கள்: இரண்டு வருடத் தலைவரி ரசீது எங்கே? முந்தாநாள் வாக்காளர் ஆனவரிடம் இரண்டு வருட ரசீது.

இன்னும் இருக்கிறது. குடிமை அறிவு, குடிமை அறிவு என்று உருகுகிறார்களே, அந்த அறிவை உண்மையிலேயே தேடிப் போனவர்களுக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் 1957இல் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் பள்ளி தொடங்கினார்கள். வெள்ளைக்காரர் கண்ணில் படாதிருக்க முன்னறையில் மளிகை வியாபாரம். பாடம் சொல்லிக் கொடுத்தவர் பெர்னிஸ் ராபின்சன், தொழில் சிகை அலங்காரம். கையெழுத்துப் போடுவது, விண்ணப்பம் நிரப்புவது, அரசியல் சட்டத்தை வாசிப்பது. செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியை இதைத் தெற்கு முழுவதும் 'குடிமைப் பள்ளி'களாக விரித்தார். 1963 ஜூன் மாதம், கிளார்க் நடத்திய அப்படி ஒரு குடிமைப் பயிற்சியை முடித்துவிட்டு ஹேமரும் தோழர்களும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மிசிசிப்பியின் வினோனாவில் பஸ் நின்றது. அங்கே பிடித்துச் சிறையில் போட்டார்கள். இரண்டு கைதிகளின் கையில் தடியைக் கொடுத்து, ஹேமரை அடிக்க வைத்தார்கள். சிறுநீரகம் கெட்டது, அந்த அடி சாகும்வரை உடம்போடு இருந்தது.

ஆகவே 'குடிமைத் தேர்வு நல்லதுதானே, எல்லாரும் அரசியல் சட்டம் படித்தால் என்ன கெட்டுவிடும்' என்று மோவாயைத் தடவிக்கொண்டு கேட்கும் கனவான்களே, படித்தார்கள். மளிகைக்கடைப் பின்னறையில் ஒளிந்து படித்தார்கள். நீங்கள் அவர்களுக்குக் கொடுத்த மார்க் இதோ: 1964இல் மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிந்திருந்த கறுப்பர்கள் 100க்கு 7 பேர்கூட இல்லை. அலபாமாவின் செல்மா இருக்கும் மாவட்டத்தில் 15,000 கறுப்பர்களுக்கு ஓட்டுப் போடும் வயது வந்திருந்தது. நாலு வருடம் கோர்ட்டுக்கு அலைந்தபிறகு பட்டியலில் இருந்தவர்கள் 156இலிருந்து 383 ஆனார்கள். 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்து இந்த மாநிலங்களில் தேர்வை நிறுத்திவைத்தது. 1967க்குள் மிசிசிப்பியில் 100க்கு 60 பேர் அளவில் பதிந்துவிட்டார்கள். இரண்டே வருடத்தில் எல்லாரும் எங்கே டியூஷன் போனார்கள்?

இப்போது முதல் பெஞ்சுக்கு வரலாம்.

அதே அலபாமா. அறுபதுகளில் அரசியல் சட்டத்தில் கேள்வி கேட்டுக் கேட்டுக் கறுப்பர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிய மாநிலம். 2020 நவம்பரில் அது செனட்டுக்குத் தேர்ந்தெடுத்த டாமி டூபர்வில், கால்பந்துப் பயிற்சியாளராக இருந்தவர், ஒரு பேட்டியில் அரசின் மூன்று கிளைகளைச் சொன்னார்: பிரதிநிதிகள் சபை, செனட், நிர்வாகம். நீதித்துறை என்று ஒன்று இருப்பது அவர் காதுக்கு எட்டவில்லை. குடியுரிமைத் தேர்வில் இதைச் சொல்லும் திருநெல்வேலிப் பெரியவருக்கு அந்தக் கேள்விக்கு முட்டை. டூபர்விலுக்கு ஆறு வருட செனட்டர் பதவி.

டெக்சாஸ் ஆளுநராக இருந்த ரிக் பெரி 2011இல் அதிபர் ஆசையோடு நியூ ஹாம்ப்ஷயர் கல்லூரி மாணவர்களிடம் பேசினார். தேர்தலுக்குள் 21 வயது ஆகிவிடுகிறவர்கள் எனக்கு ஓட்டுப் போடுங்கள் என்று கேட்டார். ஓட்டுரிமை வயது 18 ஆகி அப்போது நாற்பது வருடம். தேர்தல் தேதியையும் தப்பாகச் சொன்னார். அதே மாதம் ஒரு விவாத மேடையில், ஆட்சிக்கு வந்தால் மூன்று துறைகளை ஒழிப்பேன் என்று சொல்லி இரண்டின் பெயரைச் சொன்னவருக்கு மூன்றாவது ஞாபகம் வரவில்லை. 'ஊப்ஸ்' என்று முடித்துக்கொண்டார். அது எரிசக்தித் துறை. 2017இல் டிரம்ப் அவரை எந்தத் துறைக்குச் செயலராக்கினார் என்பதை யோசிக்கவே வேண்டாம்.

இவர்களெல்லாம் சில்லறைக் கேஸ்கள். குடியுரிமைத் தேர்வை நடத்தும் அலுவலகம் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் வருகிறது. 2025இல் அதன் செயலராக இருந்தவர் கிறிஸ்டி நோம். மே 20 அன்று செனட் குழுவின் முன் உட்கார்ந்திருந்தார். செனட்டர் மேகி ஹாசன் கேட்டார்: ஆட்கொணர்வு மனு என்றால் என்ன? அது, மக்களை இந்த நாட்டிலிருந்து வெளியேற்ற அதிபருக்கு இருக்கும் அரசியல் சட்ட உரிமை என்று ஆரம்பித்தார் செயலர். தப்பு என்று ஹாசன் அங்கேயே வெட்டினார். அரசு ஒருவனைப் பிடித்து அடைத்தால், எதற்கு அடைத்தாய், கொண்டுவா நீதிபதி முன்னால் என்று கேட்கும் உரிமை அது. அதை அப்படியே புரட்டி, அடைக்கிறவனின் உரிமையாக்கிவிட்டார். அரசியல் சட்டத்தில் அது எந்த இடத்தில் வருகிறது என்று இன்னொரு செனட்டர் கேட்டார். தெரியாது என்றார். நம்ம ஊரில் ஓடிப்போன காதல் ஜோடியைப் பற்றிய செய்தி படிக்கிறவர்களுக்கெல்லாம் ஆட்கொணர்வு மனு தெரியும். பெண்ணைப் பெற்றவர் ஹைகோர்ட்டில் போடுகிற முதல் காகிதம் அதுதான். வாரத்துக்கு நாலு தடவை பேப்பரில் வரும்.

ஐந்து மாதம் கழித்து, இதே அம்மையாரின் துறை குடியுரிமைத் தேர்வைக் கடினமாக்கியது. வருகிறவர்களின் குடிமை அறிவு போதவில்லையாம்.

எல்லாருக்கும் மேலே உட்கார்ந்திருப்பவரை விடலாமா? அமெரிக்கக் குடிமகன் ஆகும்போது நீ கொடுக்கும் வாக்குறுதி ஒன்றைச் சொல் என்று பழைய பட்டியலில் ஒரு கேள்வி. அரசியல் சட்டத்தையும் சட்டங்களையும் காப்பேன் என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட விடைகளில் ஒன்று. ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிற மெக்சிகோக்காரரும் இதை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார். 2025 மே மாதம் ஒளிபரப்பான தொலைக்காட்சிப் பேட்டியில் டொனால்ட் டிரம்பிடம் கேட்டார்கள்: அதிபராக நீங்கள் அரசியல் சட்டத்தைக் காக்க வேண்டாமா? அவர் சொன்ன பதில்: எனக்குத் தெரியாது. அந்தச் சட்டத்தைக் காப்பேன் என்று இரண்டு முறை கையை உயர்த்திச் சத்தியம் செய்தவர். முதல்முறை போட்டியிட்ட 2016இலேயே அரசியல் சட்டத்தின் 12வது அங்கத்தைக் காப்பேன் என்று சொன்னதாகக் கூட்டத்தில் இருந்தவர்கள் வெளியே வந்து சொன்னார்கள். இருப்பது மொத்தம் ஏழு.

அதனால்தான் சொல்கிறேன், பரீட்சை வையுங்கள். நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். சுற்றறிக்கையைக்கூட நானே எழுதித் தருகிறேன். தேர்வு எழுத வேண்டியவர்கள்: அதிபர், துணை அதிபர், எல்லாத் துறைச் செயலர்களும், செனட்டர் 100 பேர், பிரதிநிதிகள் 435 பேர், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பது பேர். அதிபராக ஆசைப்பட்டு ஊர் சுற்றுகிறவர்கள் தனித்தேர்வர்களாக விண்ணப்பிக்கலாம். முப்பது கேள்விகள், பத்து நிமிடம், ஒன்று தப்பினாலும் ஃபெயில். தாள் புதிதாகத் தயாரிக்க வேண்டாம், லூசியானா ஆவணக் காப்பகத்தில் இருக்கும். முதல் கேள்விக்குக் கோடு எப்படிச் சுற்றும் என்று தேர்வறையில் சந்தேகம் கேட்கக் கூடாது. வாய்மொழித் தேர்வுக்கு 285 பிரிவுகளில் எதைக் கொடுப்பது என்பது பதிவாளரின் விருப்பம். பதிவாளர்களாக சன்ஃபிளவர் மாவட்டத்துப் பருத்திக்காட்டுக் கூலிகளின் பேத்திகள் நியமிக்கப்படுவார்கள். அவர்கள் முடிவே இறுதி. சோப்புக் கட்டியைத் தேர்வர்களே கொண்டுவர வேண்டும்.

தாத்தா சலுகை உண்டு: 1867 ஜனவரி 1க்கு முன்பு தாத்தா அடிமையாக இருந்ததற்குச் சான்று காட்டுகிறவர்கள் தேர்வு எழுத வேண்டியதில்லை. படிவத்தில் தேர்தல் நன்கொடை கொடுத்த முதலாளியின் பெயரைக் கட்டாயம் நிரப்ப வேண்டும். ஃபெயிலானவர்கள் அரசு கொடுத்த வீட்டை அன்றிரவே காலி செய்ய வேண்டும். வெள்ளை நிறத்தில் இருக்கும் மாளிகைக்கும் இது பொருந்தும். தேர்வு மையம் இண்டியனோலா நீதிமன்றம். பஸ்ஸில் வருகிறவர்கள், பஸ் மஞ்சளாக இருக்கும் பட்சத்தில், ஆளுக்குக் கொஞ்சம் சில்லறை எடுத்துவருவது நல்லது. தேறியவர்கள் உடனே பதவியில் உட்கார்ந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு வருடத் தலைவரி ரசீதோடு வந்து வரிசையில் நிற்கவும். பதிவாளரின் ஜன்னல் மாதத்தில் இரண்டு நாள் திறக்கும்.